எம்.ஆர். ராதா பேசியதும் பிரதியில் இருந்ததும்

1954இல் சென்னை சட்டமன்றம் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டின் 33ஆம் எண் சட்டம். சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம் என்று பெயர்; மாநிலத்தின் பெயர் மாறியபோது அதன் பெயரும் தமிழ்நாடு என்று மாறியது. ஆட்சேபத்துக்குரியது என்று தோன்றும் நாடகத்தைத் தடை செய்யவும், பிரதியை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்க்கவும் அது அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. சட்ட வாசகத்தில் எந்த நடிகரின் பெயரும் இல்லை. நாடகக்காரர்களுக்கு மட்டும் அது எம்.ஆர். ராதாவுக்காகப் போட்ட சட்டம். இன்றுவரை பேச்சு அப்படித்தான்.

ஒரு நடிகரை அடக்குவதற்கு அவருடைய பிரதியைக் கேட்ட அந்த யோசனையைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன். ராதா விஷயத்தில் அது ஆள் போன பிறகு வீட்டைப் பூட்டிய கதை. அவருடைய நாடகங்களில் அரசுக்கு எது ஆபத்தாகத் தெரிந்ததோ அது பெரும்பாலும் பிரதியில் இருந்ததில்லை. அன்றைய நாளிதழில் இருந்தது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் முகத்தில் இருந்தது, கூட்டத்திலிருந்து வந்த ஒரு கூச்சலில் இருந்தது. அவற்றை மேடையிலேயே எடுத்து வசனமாக்கிவிடுவார். மறுநாள் அதே நாடகம், வேறு வசனம். இப்படிப்பட்ட ஒருவரின் கலையை எந்த ஏட்டைப் புரட்டி ஆராய்வது?

ராதா 1907இல் சென்னையில் பிறந்தார். முழுப்பெயர் மெட்ராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். தகப்பனார் பட்டாளத்துக்காரர்; முதல் உலகப் போரில் இறந்துபோனார். சாப்பாட்டில் ஒரு துண்டு மீன் கூடக் கேட்டு, அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிய சிறுவன் எழும்பூர் ரயில் நிலையத்தில் ஒரு நாடகக் கம்பெனிக்காரர் கண்ணில் பட்டான் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் முதல் கதை. அங்கே தொடங்கிப் பாலர் நாடகக் கம்பெனிகள் பலவற்றில் வளர்ந்தார். ஜெகந்நாதய்யர் கம்பெனியும் அவற்றில் ஒன்று. என்.எஸ். கிருஷ்ணன் போன்றோரோடு பழக்கம் ஏற்பட்டதெல்லாம் இந்தக் கம்பெனி வாழ்க்கையில்தான்.

அந்தக் கம்பெனிகளில் பிரதிக்கு இருந்த மரியாதை சாதாரணமானதல்ல. வாத்தியார் பாடம் சொல்வார். பையன்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பினால் அடி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களில் டி.கே. சண்முகம், தமக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். எழுதியவர் பாட்டும் வசனமுமாக ஒரு கட்டுக்கோப்பைத் தந்தார். பையன்கள் அதை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். சுவாமிகளுக்கு இதில் பிடிவாதம் இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் காலத்து ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை இல்லாமல் அன்று ராத்திரியே மேடை ஏறுவார்கள். வள்ளியும் முருகனும் தர்க்கத்தில் இறங்கினால் விடியும்வரை ஓயாது. கதை எங்கேயோ நிற்கும். அந்தக் கட்டற்ற பேச்சுக்கு அணைபோடவே எழுதிய நாடகமும் பாலர் சபையும் வந்தன.

அடித்துப் பாடம் சொல்லிக்கொடுத்த அந்தப் பள்ளியிலிருந்துதான் ராதா வந்தார். பிரதியை மீறுவதற்கு முதலில் பிரதி மனப்பாடமாக இருக்க வேண்டும், அவருக்கு இருந்தது. கூடவே மோட்டார் ஓட்டவும் மெக்கானிக் வேலையும் தெரிந்தவர். கம்பெனி நாடகத்தில் ஒளிக்கும் தந்திரக் காட்சிக்கும் இந்தக் கைவேலை எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1930களின் கடைசியில் சினிமா அழைத்தது. ‘ராஜசேகரன்’ (1937), ‘பம்பாய் மெயில்’ (1939), மாடர்ன் தியேட்டர்ஸின் ‘சந்தனத்தேவன்’ (1939), ‘சத்தியவாணி’ (1940) என்று சில படங்கள். பிறகு சினிமாவை விட்டுவிட்டு மேடைக்கே திரும்பிவிட்டார். சினிமாவில் இடம் கிடைத்தால் மேடையைத் திரும்பிப் பார்க்காதவர்கள் நிறைந்த காலம் அது. ராதா எதிர்த்திசையில் போனார். பத்தாண்டுக்கும் மேல் அவரைத் திரையில் பார்க்க முடியவில்லை. அவர் பெயர் நிலைத்தது அந்த ஆண்டுகளில்தான்.

‘இழந்த காதல்’ நாடகத்தில் அவர் செய்த ஒரு காட்சியைப் பற்றிப் பார்த்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வில்லன் ஜெகதீஷ் வேடம். ஒரு நீண்ட காட்சி முழுவதும் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்று பேசுவார். கம்பெனி நாடக இலக்கணத்தில் இது பெரிய குற்றம். சபையைப் பார்த்து நிற்க வேண்டும், சபைக்குப் பின்புறம் காட்டக் கூடாது என்பது சிறுவயதிலிருந்து அடித்துச் சொல்லப்பட்ட விதி. அந்த விதியை உடைத்து, முகத்தைப் பறித்துக்கொண்டு, தோளும் கழுத்தும் குரலும் மட்டும் போதும் என்று காட்டினார். அந்தக் காட்சிக்காகவே மறுபடி டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. நாடகத்தின் பிரதி நம் கையில் கிடைத்தாலும் இந்த முதுகு அதில் இருக்காது.

பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தோடு அவருக்கு ஏற்பட்ட நெருக்கம் 1940களில் உறுதிப்பட்டது. 1944இல் திராவிடர் கழகம் பிறந்தது; 1949இல் அண்ணா பிரிந்து தி.மு.க.வைத் தொடங்கியபோது சினிமா, நாடகக்காரர்களில் பெரும்பாலோர் அண்ணாவுடன் போனார்கள். ராதா பெரியாரோடு நின்றார். கட்சிக்கு வந்த நடிகர் என்பதைவிட, கட்சிப் பேச்சாளர் செய்ய வேண்டிய வேலையை மேடை நாடகத்தில் செய்தவர் என்பதே சரி. மு. கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’யை அவர் நடத்தினார், கருணாநிதிக்குக் ‘கலைஞர்’ என்ற பட்டத்தைத் தந்தவரும் ராதாதான். ‘போர்வாள்’, ‘லட்சுமிகாந்தன்’, ‘விமலா’ என்று வரிசையாக நாடகங்கள். தடை வந்தால் பெயரை மாற்றி அடுத்த ஊரில் போடுவார். புதுப் பெயருக்குத் தடை வர நாளாகும். அதற்குள் நாடகம் நடந்து முடிந்திருக்கும். ஒரே நாடகத்துக்கு இரண்டு மூன்று பெயர் வந்த கதை இதுதான். பிரதிகளைத் தேடிப் போகும் ஆய்வாளருக்குப் பட்டியலில் பத்து நாடகமாகத் தெரிவது, படித்துப் பார்த்தால் ஐந்தாகச் சுருங்கிவிடக்கூடும்.

‘ரத்தக்கண்ணீர்’ 1949இல் வந்தது. எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு, அப்போது இருபதைக் கொஞ்சம் தாண்டிய இளைஞர், கழகப் பேச்சாளர். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் மோகனசுந்தரம் என்ற பணக்காரன், தாயையும் மனைவியையும் மதிக்காமல் காந்தா என்ற தாசியிடம் போய்ச் சொத்தைத் தொலைக்கிறான், தொழுநோய் வருகிறது, கைவிடப்பட்டுத் தெருவில் பிச்சையெடுக்கிறான், கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கே மறுமணம் செய்து வைக்கிறான். கதை இவ்வளவுதான். ஆயிரக்கணக்கான இரவுகள் ஓடியது. 1954இல் பி.ஏ. பெருமாளின் நேஷனல் பிக்சர்ஸ் அதைப் படமாக்கியது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். காந்தாவாக எம்.என். ராஜம், மனைவியாக ஸ்ரீரஞ்சனி, பாலுவாக எஸ்.எஸ். ராஜேந்திரன். ‘நந்தனா’ருக்குக் கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய ஒரு லட்சத்துக்கு மேல் இருபத்தைந்தாயிரம் வேண்டும் என்று ராதா கேட்டதாகவும், ராத்திரி நாடகம் முடிந்த பிறகுதான் படப்பிடிப்புக்கு வருவேன் என்று நிபந்தனை போட்டதாகவும் கதைகள் உண்டு. கதைகள் எப்படியோ போகட்டும். படம் வந்த பிறகும் அவர் நாடகத்தை நிறுத்தவில்லை என்பதுதான் நம் விசாரணைக்கு முக்கியம். படமாகிவிட்ட நாடகத்தை மக்கள் மறுபடியும் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். படத்தில் இல்லாத ஏதோ ஒன்று கொட்டகையில் கிடைத்தது.

இங்கே என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தாக மட்டும் பார்த்தால் ‘ரத்தக்கண்ணீர்’ பகுத்தறிவு நாடகம் அல்ல. பாவம் செய்தவனுக்கு உடம்பு அழுகும் என்பது பழைய கர்மக் கணக்கு. பெரியார் தொண்டர் எழுதி, பெரியார் தொண்டர் நடித்த நாடகத்தின் முதுகெலும்பு அந்தக் கணக்குதான். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது என்பதை நார்வேக்காரர் ஹான்சன் 1873இலேயே கண்டறிந்துவிட்டார். நாடகம் அரங்கேறிய காலத்தில் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்துகளைக் கொடுத்து நோயைக் குணப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. நாடகத்தில் அதற்கு இடமில்லை. தாசி வீடு, நோய், தெரு என்று மூன்று படி. நடுவில் மருத்துவர் இல்லை. அந்த நோயால் அவதிப்பட்டவர்களை ஊர் பார்த்த பார்வையை இந்த நாடகம் இன்னும் கொஞ்சம் கடினமாக்கியிருக்க வேண்டும். கைம்பெண் மறுமணத்தைப் பேசிய காலத்தில், கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு மறுமணம் என்று அது துணிந்து போனது உண்மை. ஆனால் அந்த மனைவியைக் கைமாற்றிக் கொடுப்பவனும் ஆண், வாங்கிக்கொள்பவனும் ஆண்.

அப்படியானால் அதன் பகுத்தறிவு எங்கே இருந்தது? ராதாவின் வாயில் இருந்தது. முதல் பாதியில் வெளிநாட்டு மோகனசுந்தரம் அகம்பாவத்தோடு உதிர்க்கும் கேலிகளைப் பாருங்கள். சாமி, சடங்கு, சாதி, அரசியல்வாதி, பணக்காரன், தொழிலாளர் கூட்டம் நடத்துகிறவன் என்று யாரும் தப்புவதில்லை. கதைப்படி இவன் கெட்டவன். இவன் சொல்வதெல்லாம் திமிர். கொட்டகையில் கைதட்டல் விழுவதோ அந்தத் திமிருக்குத்தான். இரண்டாம் பாதியில் நோயாளியாகித் தெருவுக்கு வந்ததும் அதே வாய் இன்னும் கூர்மையாகிறது. இழக்க எதுவும் இல்லாதவன் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். கதை அவனைத் தண்டிக்கிறது. நடிப்பு அவனுக்கு மேடையைக் கொடுத்துவிடுகிறது. தங்கராசின் எழுத்துக்கும் ராதாவின் பேச்சுக்கும் நடுவில் ஓடும் இந்த இழுபறிதான் நாடகத்தை இத்தனை ஆண்டு காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

குரலைக் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தைக் கரகரத்த அடிக்குரலில் தொடங்குவார். நடுவில் ஒரு நிறுத்தம். முடியும் இடத்தில் குரல் சட்டென்று மெலிந்து, கீச்சென்று மேலே ஏறும். கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வார். இரண்டாம் முறை சொல்லும்போது அதற்குப் பொருளே மாறியிருக்கும். ‘காந்தா’ என்று அவர் கூப்பிடுவது முதல் பாதியில் கொஞ்சல், நோய் வந்தபின் கெஞ்சல், கடைசியில் வசை. அச்சுப் பிரதியில் அது மூன்று எழுத்தும் ஓர் ஆச்சரியக்குறியும். தெலுங்கு மேடையில் நாகபூஷணம் இதே நாடகத்தைப் பல்லாண்டு நடத்திப் பெயர் வாங்கினார். கன்னடத்தில் 2003இல் உபேந்திரா நடிக்கப் படமாக வந்தது. கதை மொழி தாண்டிப் போயிருக்கிறது. தமிழில் மட்டும், பின்னால் யார் அந்த வேடத்தைத் தொட்டாலும் கேட்பவர்கள் ராதாவின் குரலைத்தான் அளவாக வைத்துக்கொள்கிறார்கள். பலகுரல் கலைஞர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் அவரைப் போலப் பேசிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அவர்கள் பாடம் படித்தது படத்திலிருந்து.

இனி ஆவணங்களுக்கு வருவோம். நாடகத்தை அடக்கும் சட்டம் இந்தியாவில் 1876இல் வந்தது. அந்தச் சமயத்தில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது, ஜகதானந்த முகர்ஜி என்ற வழக்கறிஞர் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்து உபசரித்தார். ஊர் சிரித்தது, நாடகக்காரர்கள் அதை மேடையில் வைத்துச் சிரித்தார்கள், வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். அதே ஆண்டின் இறுதியில் அது நிரந்தரச் சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் தேசிய இயக்க நாடகங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் மாட்டிக்கொண்டன. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்குள்ளானது, அதையே டி.கே.எஸ். சகோதரர்கள் ‘தேசபக்தி’ என்ற பெயரில் மேடையேற்றினார்கள். பெயர் மாற்றும் வித்தை ராதா கண்டுபிடித்ததல்ல.

ராதாவுக்கு முன்னோடி யார் என்று கேட்டால் நான் விசுவநாத தாஸைச் சொல்வேன். அவர் நடித்தவை பெரும்பாலும் புராண நாடகங்கள். ‘வள்ளி திருமணம்’ பிரதியில் ஆங்கிலேயருக்கு எதிராக ஒரு சொல்கூடக் கிடையாது. முருகன் வேடத்தில் நிற்கும் தாஸ், கதைக்கு நடுவே காந்தியையும் கதரையும் வெள்ளைக்காரனையும் பற்றிப் பாடத் தொடங்குவார். போலீஸ் கொட்டகைக்குள்ளேயே காத்திருக்கும். பலமுறை சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்தபடியே மேடையில் உயிர்விட்டார். அவருடைய பிரதியை மட்டும் வாசித்தால் பக்தி நாடகக்காரர் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ராதா கடவுளை எதிர்த்தவர், தாஸ் முருகனாக நின்றவர். கருத்தில் இருவரும் இரு துருவம். பிரதிக்கு வெளியே போய் அன்றைய செய்தியை மேடைக்குக் கொண்டுவந்த தொழில் மட்டும் ஒன்றே.

இந்தத் தொழிலைப் பிடிக்க அரசாங்கத்துக்கு இருந்த ஒரே வழி ஆள் அனுப்பிக் கேட்பது. பொதுக்கூட்டப் பேச்சுகளைக் குறித்துக்கொள்ளப் போலீஸ் துறை தமிழ்ச் சுருக்கெழுத்தாளர்களை வைத்திருந்தது. நாடகக் கொட்டகைகளுக்கும் போலீஸ் போய் உட்கார்ந்து கேட்டு அறிக்கை எழுதியது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளோடும் ரகசியக் கோப்புகளோடும் இப்படிப்பட்ட அறிக்கைகள் கிடக்கின்றன, சு. தியடோர் பாஸ்கரன் தேசிய இயக்கக் கால நாடகத்தையும் சினிமாவையும் பற்றிய தம் ஆய்வை இவ்வகை ஆதாரங்களை வைத்தே கட்டினார். நாடகத்தை நேசித்தவர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். நாடகத்தைத் தடை செய்ய நினைத்தவர் என்ன பேசினான், எப்போது பேசினான், கூட்டம் எவ்வளவு, எங்கே சிரித்தார்கள் என்று எழுதினார். வரலாற்றுக்காரனுக்கு இரண்டாமவர்தான் உதவுகிறார். அவர் எழுதியதை அப்படியே நம்பவும் முடியாது. வழக்குப் போடத் தோதான வரிகளை மட்டும் பொறுக்கியிருப்பார்; தொனி அவர் வேலையல்ல. ராதாவின் கேலியில் தொனியை எடுத்துவிட்டால் வெறும் வசவு மிஞ்சும்.

இங்கிலாந்தில் இதே கதை வேறு விதமாக முடிந்தது. 1737 முதல் 1968 வரை அங்கே எந்த நாடகமானாலும் அரண்மனை அதிகாரியான சேம்பர்லின் பிரபுவின் அலுவலகத்தில் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அப்படி வாங்கி வைத்த பிரதிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்திலும், முற்பகுதி கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தணிக்கை அவர்களுக்கு ஒரு நாடகக் களஞ்சியத்தையே விட்டுச்சென்றது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கும் ராதா வகை ஆட்களிடம் திண்டாட்டம்தான். 1958இல் ஜோன் லிட்டில்வுட்டின் குழுமீது வழக்கு வந்தது. அனுமதி பெற்ற பிரதியில் இல்லாததை நடிகர்கள் மேடையில் இட்டுக்கட்டிப் பேசினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் சர்ச்சிலைப் போலப் பேசிய ஒரு காட்சியும் அடக்கம். சிறு அபராதத்தோடு போயிற்று. அந்தக் குழுவுக்குச் செய்தித்தாள் ஆதரவும் வழக்கு நிதியும் திரண்டன. ராதாவுக்குத் திரண்டது கல்லெறியும் கைதும்.

1954இல் அவர் நடத்திய ‘ராமாயணம்’ அந்தக் கல்லெறியின் உச்சம். இதற்கும் எழுத்து திருவாரூர் தங்கராசு. மனம் புண்படுகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே எச்சரித்ததாகச் சொல்வார்கள். அந்த எச்சரிக்கையைப் படித்தபின் யார்தான் வராமல் இருப்பார்கள்? தடை, கைது, மறுபடி நாடகம் என்று தொடர்ந்தது. அதன் நடுவில்தான் புதிய சட்டம் வந்தது. அரசு இங்கே ஒரு வேடிக்கையான சிக்கலில் மாட்டிக்கொண்டது. ராமாயண மறுவாசிப்பை அச்சில் பெரியார் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார். எழுத்தில் இருந்த விஷயம் புதிதல்ல. கிரீடம் வைத்த ராமன் ராதாவின் குரலில் பேசினான் என்பதே புதிது. சட்டம் கேட்டதோ பிரதி.

இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதே வேலையைச் செய்தது. நாடகப் பிரதியைத் தணிக்கைச் சபைக்குக் கொடுத்து அனுமதி பெறும் வழக்கத்தைச் சிங்கள, தமிழ் நாடகக்காரர் தலைமுறைகள் அறிந்திருக்கின்றன. ஈழத்து மேடையில் பிரதியின் மேலான பற்றுக்கு வேறொரு வேரும் உண்டு. 1911இல் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை கொழும்பு வந்து ஆடியதைப் பார்த்த க. சொர்ணலிங்கம், லங்கா சுபோத விலாச சபையின் வழியாக அந்த ஒழுங்கை இங்கே நாட்டினார். முதலியார் தம் நாடகங்களை அச்சிட்டு வைத்தவர். அச்சில் இருப்பதே அரங்கில் வர வேண்டும் என்ற கண்டிப்புடையவர். கூத்தில் அண்ணாவியார் கையில் ஏடு இருக்கும்; மாத்தளைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்திலும் பாட்டு தலைமுறையாக வந்த பாட்டு. இவற்றில் பழகிய கண்ணுக்கு ராதாவின் முறை ஒழுங்கீனமாகத் தெரியலாம். ஆனால் கூத்தில் இடையிடையே வந்து ஊர் வம்பு பேசிச் சிரிக்க வைக்கும் கோமாளியைக் கட்டுப்படுத்த எந்த ஏடும் எழுதப்பட்டதில்லை. ராதா அந்தக் கோமாளியின் உரிமையைக் கதாநாயகனுக்கு வாங்கிக் கொடுத்தார்.

திரையில் அவர் வாழ்க்கையின் இரண்டாம் பகுதி 1950களின் கடைசியில் தொடங்கியது. பீம்சிங்கின் ‘பாகப்பிரிவினை’ (1959) சிங்கப்பூரிலிருந்து வந்த சிங்காரத்தைக் கொடுத்தது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் ‘பாவ மன்னிப்பு’, ‘பாலும் பழமும்’, ‘குமுதம்’, ‘தாய் சொல்லைத் தட்டாதே’ (நான்கும் 1961), ‘பலே பாண்டியா’ (1962), ‘பெரிய இடத்துப் பெண்’ (1963), ‘புதிய பறவை’ (1964), ‘சித்தி’ (1966) என்று குவிந்தன. பெரும்பாலும் துணை வேடம். வில்லன், கஞ்சன், காமுகன், கிழவன். குணச்சித்திர நடிகர் என்ற சொல்லின் முழு அகலத்தையும் அவரிடம் பார்க்கலாம். படத்துக்குப் படம் வசனகர்த்தா மாறுகிறார். ராதாவின் பேச்சு மட்டும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததை அவர் தம் மூச்சுக்கு வெட்டிக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. ‘பலே பாண்டியா’வில் சிவாஜி பாட, இவர் ஜதி சொல்லும் காட்சி ஒன்று உண்டு. குரல் எம். ராஜுவுடையது, ராதாவிடம் இருப்பது முகமும் கையும் மட்டும். தம் முதல் ஆயுதத்தைப் பறிகொடுத்த அந்த நிலையிலும், கண் உருட்டலிலும் கன்னத்துச் சதையிலும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று வேடத்தில் வந்த சிவாஜியை அந்தச் சில நிமிடம் நம் பார்வையிலிருந்து நகர்த்திவிடுகிறார்.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். விசாரணை, ஏழாண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் குறைப்பு, 1971இல் விடுதலை. இந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்டது அளவுக்கு மீறியது. நான் அதில் இறங்கப் போவதில்லை. அதனால் கிடைத்த ஒரு நல்ல ஆவணம் மட்டும் இங்கே வேண்டும். வெளியே வந்த ராதாவைச் சந்தித்து நாவலாசிரியர் விந்தன் எழுதிய ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’. விந்தன் கேட்கிறார், ராதா பேசுகிறார். தேதிகளுக்கும் தொகைகளுக்கும் அந்தப் புத்தகத்தை நம்பி நிற்கக் கூடாது. மேடைக்காரர் தம் கதையையும் மேடைக்கு ஏற்றபடிதான் சொல்வார். ஆனால் வாக்கியம் எங்கே உடைகிறது, எந்த இடத்தில் கேள்வியைத் திருப்பி வீசுகிறார் என்பதையெல்லாம் விந்தனின் காது பிடித்திருக்கிறது. போலீஸ் குறிப்பில் விட்டுப்போன தொனி இதில் இருக்கிறது. பேச்சுத் தமிழை எழுதத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்ததால் வந்த லாபம்.

1979 செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் பிறந்த நாளில், திருச்சியில் ராதா காலமானார். சட்டம் அவருக்குப் பிறகும் இருந்தது. சபா நாடகக்காரர்களும் நவீன நாடகக் குழுக்களும் பிரதியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் அலுவலகத்துக்கு நடந்தார்கள். பரீக்ஷா குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. 1876இன் மூலச் சட்டத்தை நாடாளுமன்றம் அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான் நீக்கியது.

‘ரத்தக்கண்ணீ’ருக்கு ஒரு செம்பதிப்பு வருமானால் அதில் தங்கராசின் எழுத்து இடப்பக்கம் இருக்கட்டும். வலப்பக்கத்தில் 1954 படத்தின் பேச்சை, ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்து, எழுத்துப்படியாகத் தர வேண்டும். படம் பல இடங்களில் மேடையை அப்படியே நிற்க வைத்து எடுத்ததாகத்தான் இருக்கிறது. நேர் எதிரே கேமரா, நடுவில் ராதா, கூட்டம் சிரிப்பதற்காக விட்டதுபோல் ஓர் இடைவெளி. சினிமாவாக அது குறை. ஆவணமாகப் பார்த்தால், கொட்டகை இரவுகள் பலவற்றின் அச்சு அந்த இடைவெளிகளில்தான் விழுந்திருக்கிறது. அடிக்குறிப்பில் போலீஸ் அறிக்கைகளும் நாடக நோட்டீசுகளும் வர வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்ததை ஆதாரமாகக் கொண்டு 1994இல் தொடங்கப்பட்ட சென்னை நூலகம் போன்ற இடங்களில் நோட்டீசு, பாட்டுப் புத்தகத் தேடலைத் தொடங்கலாம். ஒலிநாடாவில் அந்த வசனத்தை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தோட்டத்து லயங்களிலும் கேட்டு மனப்பாடம் செய்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களில் சிலரை உட்கார வைத்துச் சொல்லச் சொன்னால், படத்தில் இல்லாத வரிகளும் வரும். அவை ராதா மேடையில் பேசியவையா, சொல்பவரே சேர்த்தவையா என்று பிரிப்பது பதிப்பாசிரியர் வேலை.